மூன்று பேர், ஒரு சாண்

துரைச்சிபுரத்து ஆட்கள் தரையைவிட்டு ஒரு சாண் உயரத்தில் நடமாடிய அந்தக் கோடையைப் பற்றி இன்றைக்கு யாரிடம் கேட்டாலும், கேட்டவரை உட்காரவைத்து, குடிக்க மோர் கொடுத்து, ஆவுடைத்தங்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அவள் மட்டும் அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் போனைக் கையில் எடுத்து, சேரவே சேராது என்று ஊர் நினைத்திருந்த மூன்று பெயர்களைச் சேர்த்துப் போடாமல் இருந்திருந்தால், அந்த மே மாதமும் மற்ற மே மாதங்களைப் போல வெயிலும் புழுதியும் தீப்பெட்டி மருந்து வாசமுமாகக் கழிந்திருக்கும் என்பார்கள்.

ஆவுடைத்தங்கத்துக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. மேலத்தெரு தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கும் பகுதிக்கு அவள்தான் சூப்பர்வைசர். இருபத்தோரு மேசை, மேசைக்கு மூன்று பெண்கள். யாரை யாரோடு உட்காரவைப்பது என்பதைத் தினமும் காலை எட்டு மணிக்கு வாசலில் நின்றபடியே முடிவு பண்ணிவிடுவாள். ஜெபமணியையும் கோமதியையும் ஒரே மேசையில் போட்டால் வாய் ஓடும், கை ஓடாது. அவர்களுக்கு நடுவில் அதிகம் பேசாத பாக்கியத்தை உட்காரவைத்தால், பேச்சுக்குப் பேச்சும் ஆகும், பெட்டிக்குப் பெட்டியும் நிறையும், சாயங்காலம் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று முதலாளி ஒருதரம் கேட்டதற்கு, "வர்ற நடையிலேயே தெரியும் சார்" என்றாளே தவிர அதற்குமேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

துரைச்சிபுரம் ஹாக்கி ஊர். மே மாதம் பத்து நாள் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு எங்கெங்கிருந்தோ பதினான்கு அணிகள் வந்து இறங்கும், ஊரே செயற்கைப் புல் விரித்த நீலத் தரை மைதானத்தைச் சுற்றிக் குடியிருக்கும். ஆவுடை மட்டையைக் கையால் தொட்டதில்லை என்றாலும், ஊர் அணிக்கு ஒரு காலத்தில் கோல்கீப்பராக நின்ற பொன்னுப்பாண்டியைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. பொன்னுப்பாண்டி இப்போது தண்ணீர் லாரி ஓட்டினான். ஆட்டத்துக்கு முன்னால் நீலத் தரையை நனைப்பது அவன் வேலை, நனைத்துவிட்டு ஈரக் காலோடு கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வது அவன் பழக்கம்.

அந்த வருசம் செல்போன் கடை ஞானதிரவியம் புதிதாக ஒன்று கொண்டுவந்தான். போனிலேயே ஆடுகிற தினசரிப் போட்டி. அன்றைக்கு ஆடப்போகிற அணிகளிலிருந்து, எந்த அணி என்று பாராமல், பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்து நாலு மணிக்குள் பதிந்துவிட வேண்டும். நிஜ மைதானத்தில் அவர்கள் எப்படி ஆடுகிறார்களோ அதற்கேற்பப் பாயிண்ட். அதில் முன்வரிசைக்காரர்கள் மூன்று பேரை மட்டும் 'கூட்டு' என்று ஒரே அணியிலிருந்து சேர்த்துப் போட வேண்டும், ஒருத்தன் கொடுத்து, ஒருத்தன் வாங்கித் தள்ளி, ஒருத்தன் கோல் அடித்தால் மூன்று பேருக்குமே மும்மடங்கு. அதனால் தனித்தனியே கெட்டிக்காரர்களைப் பொறுக்கினவர்கள் எல்லாம் தோற்றார்கள், யாருக்கு யார் பொருந்துவார்கள் என்று பார்க்கத் தெரிந்தவர்கள் ஜெயித்தார்கள். ஜெயித்தவருக்கு ஒரு டின் கடலைமிட்டாயும் கடை வாசல் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் பேரும் உண்டு. முதல் மூன்று நாளும் பலகையில் ஆவுடைத்தங்கம் என்றுதான் இருந்தது.

நாலாம் நாள் அவள் பதிந்ததைப் பார்த்துவிட்டு ஞானதிரவியமே போன் பண்ணினான்.

"யக்கா, கை தவறி அமுக்கிட்டீங்களா? இசக்கிமுத்து, ரஹ்மத்துல்லா, செல்வின்னு வந்திருக்கு. செல்வின் நம்ம டீம் பெஞ்சுல உக்காந்து தண்ணி பாட்டில் நீட்டுற பய. இசக்கியும் ரஹ்மத்தும் பேசி ரெண்டு வருசம் ஆச்சு. மூணு பேரும் ஒண்ணா ஆடவே போறதில்ல."

"தெரியும் தம்பி. ஆனா ஆடினா நல்லாருக்கும்லா?"

"நல்லாருக்கும்னு போட்டா பாயிண்ட் வராதுக்கா."

"வராட்டிப் போகுது. நீ டின்னை வேற யாருக்காச்சும் குடு."

அன்று மத்தியானம் ஊர் அணியின் சென்டர் ஃபார்வர்டு பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பிட்ட பரோட்டா அவனைப் படுக்கவைத்துவிட்டது. வேறு வழியில்லாமல் கோச் செல்வினை இறக்கினார். பதினேழாவது நிமிடம், இசக்கி இடது ஓரத்திலிருந்து ரஹ்மத்துக்குத் தள்ள, ரஹ்மத் நிமிர்ந்துகூடப் பாராமல் செல்வினுக்குத் தள்ள, மூன்று பேரின் கால்களும் தரையைவிட்டு எழும்பின. குதித்தவர்கள் மாதிரி திரும்ப இறங்கவில்லை. எழும்பின இடத்திலேயே, ஒரு சாண் உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தரை அங்கே விரிந்திருந்ததுபோல ஓடினார்கள், ஓடி கோல் அடித்தார்கள், கோல் அடித்துவிட்டு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தபோதும் கீழே வரவில்லை.

எதிரணிக் கோச் ஓடிவந்து ஆட்சேபம் சொன்னார். மைசூரிலிருந்து வந்திருந்த நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, சட்டைப்பையிலிருந்த விதிப் புத்தகத்தை எடுத்து, இன்னொரு நடுவரோடு சேர்ந்து முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை வாசித்தார். பந்து ஆபத்தாக உயரே எழும்பக்கூடாது என்று இருந்தது, மட்டையை ஓங்கக்கூடாது என்று இருந்தது, ஆள் எழும்பக்கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. பிறகு அவர் செல்வினின் காலுக்கும் தரைக்கும் நடுவே கையை விரித்துவைத்து அளந்தார். ஒரு சாண்.

"இவங்க இன்னும் அதிகமா குனிஞ்சுதான் பந்தை எடுக்கணும். சிரமம் இவங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார்.

ஆறு கோல். சாப்பிடும்போதுகூட மூன்று பேரும் நாற்காலியைவிட்டு ஒரு சாண் மேலேதான் உட்கார்ந்திருந்தார்கள் என்பதால் கேன்டீன்காரர் மேசைக்கடியில் செங்கல் வைத்து உயர்த்தினார். இசக்கியும் ரஹ்மத்தும் இரண்டு வருசத்துப் பேச்சைப் பேசித் தீர்த்தார்கள். இசக்கி தன் வீட்டுத் தெருவுக்குத் திரும்பி, மற்ற இருவரும் கூப்பிடு தூரத்தைத் தாண்டியதும், மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் கால் மெதுவாகத் தரையில் பட்டது.

அடுத்த நாள் ஆவுடை வேறு அணியில் வேறு மூன்று பேரைப் போட்டாள், அவர்கள் எழும்பினார்கள். அதற்கடுத்த நாள் வேறு மூன்று பேர். அவள் போட்ட கூட்டு மட்டும் எழும்பியது, வேறு யார் போட்டதும் எழும்பவில்லை. காரணம் என்னவென்று துரைச்சிபுரம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மழை ஏன் பெய்யவில்லை என்று யோசித்தே அலுத்துப்போன ஊர் அது. வந்ததை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் யோசித்தது.

பஞ்சாபிலிருந்தும் போபாலிலிருந்தும் குடகிலிருந்தும் வந்திருந்த கோச்சுகள் காலையில் பல் விளக்கும் முன்பே ஆவுடை வீட்டு வாசலில் இனிப்புப் பெட்டியோடு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். கல்யாண மண்டபத்துச் சமையல்காரர்களில் எந்த மூன்று பேர் சேர்ந்தால் எழும்புவார்கள், மேளக்காரர்களில் எந்த மூன்று பேர், பள்ளிக்கூட வாத்தியார்களில் எந்த மூன்று பேர் என்று கேட்டார்கள். அவளும் ஆபீஸ் வாசலில் பார்ப்பதுபோலவே அவர்கள் நடந்து வருவதைப் பார்த்துச் சொன்னாள். ரேஷன் கடை எடையாளர், முடிதிருத்தும் மாடசாமி, சரித்திர வாத்தியார் தனசிங் என்று யாருமே நினைத்துப் பார்த்திராத மூன்று பேரைச் சேர்த்தாள். அவர்கள் எழும்பியதோடு நில்லாமல், சந்தித்த அன்றே ஒருவருக்கொருவர் உயிர் நண்பர்களாகி, எடை போடுமிடத்திலேயே முடிவெட்டிக்கொண்டு மருது பாண்டியர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரர்கள் பாவாடை நாடாவிலிருந்து கரைவரை அளவை ஒரு சாண் கூட்டினார்கள். நிலைச்சட்டம் தலையில் இடிக்கிறதென்று வீடுகளில் வாசலைக் குனிந்து கடக்கப் பழகினார்கள். செருப்புத் தைப்பவர்கள் நாலைந்து பேர் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தார்கள், எழும்பினவர்களுக்குச் செருப்புத் தேய்வதில்லை, இப்படியே போனால் நாங்கள் என்ன செய்வது என்று. தாசில்தார் மனுவை வாங்கிப் படித்து, எழும்பினவர்களும் வீட்டைவிட்டு வெளியே வரும்போது செருப்பு அணிய வேண்டும், வாரம் ஒருமுறை அதை மாற்றவும் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மினி பஸ் கண்டக்டர், "எழும்புன ஆளுங்கல்லாம் உள்ள தள்ளிப் போங்க, படியில நிக்காதீங்க, காத்துல பறந்துருவீங்க" என்று கத்தப் பழகிக்கொண்டார். தீப்பெட்டி ஆபீஸில் இருபத்தோரு மேசையும் எழும்பி, அறுபத்து மூன்று பெண்கள் அந்தரத்தில் உட்கார்ந்து குச்சி அடைத்தார்கள், அவர்களுக்குக் கீழே பூனை ஒன்று நிம்மதியாகத் தூங்கியது.

வாழ்க்கையில் முதல்முறையாக ஆவுடைக்குத் தெருவில் நடக்கவே கூச்சமாகவும் சிரிப்பாகவும் இருந்தது. போகிற வழியெல்லாம் தலைக்கு மேலிருந்து வணக்கம் விழுந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "உங்க வீட்டுல எப்படி? மூணு பேருதானே?"

அவளும் பொன்னுப்பாண்டியும் மகள் இலக்கியாவும், மூன்றே பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி வேகிற நேரத்தில், கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் அடுப்படியில் கையைக் கோர்த்து நின்றார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இடம் மாறி நின்றார்கள். போனில் மூன்று பெயரையும் முன்னும் பின்னுமாக ஆறு விதமாக எழுதிப் பார்த்தாள். இட்லி வெந்து ஆவி வந்ததுதான் மிச்சம்.

"நான் கோல்கீப்பர்டி" என்றான் பொன்னுப்பாண்டி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "கோல்கீப்பருக்கு ஏது கூட்டு? ஒத்தையில நிக்கிறவன். விடு."

"எனக்கும் வீட்டுல உள்ளவங்களுக்கும் பொருத்தமில்லைன்னு ஊரு சொல்லும்."

"ஊரு அந்தரத்துல நிக்குது. இறங்கி வந்து சொல்லட்டும், அப்ப பாப்போம்."

இலக்கியா சிரித்தாள், ஆவுடையும் சிரித்தாள். ஆனால் கடைத்தெருவுக்குப் போகிற வழியில், எல்லார் காலையும் சேர்த்துவைத்தவளுக்குத் தன் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லையே என்று ஒரு நினைப்பு வந்தது. அன்றைக்கு முழுக்க அவள் யாருக்கும் கூட்டுச் சொல்லவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

துரைச்சிபுரம் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரே ஒடிசாவிலிருந்து வந்த அணி. இறுதி நாள் காலை பத்து மணிக்கு, போட்டிக் குழுத் தலைவர் ஜெகவீரனும் அவர் மனைவி சொர்ணத்தாயும் ஆவுடை வீட்டுக்கு வந்தார்கள். சொர்ணத்தாய் நாற்காலியில் உட்காரவில்லை.

"ஆவுடை, இன்னைக்கு நம்ம பயக கூட்டுல ஒரு சின்ன மாத்தம்" என்றார் ஜெகவீரன். "செல்வினுக்குப் பதிலா எங்க மாப்பிள்ளை கிருபாகரன் இறங்குதாரு. சென்னையிலேருந்து இதுக்குன்னே வந்துருக்காக. நீ இசக்கி, ரஹ்மத், கிருபாகரன்னு போட்டுரு."

"போடலாம் அண்ணாச்சி. எழும்பாது."

"நீ போட்டா எழும்பும்."

"நான் போடுறதால எழும்புதா, எழும்பப்போறதைப் பாத்து நான் போடுறனான்னு எனக்கே தெரியலையே."

"எங்க மாப்பிள்ளைக்கு என்ன குறைச்சல்?" என்றாள் சொர்ணத்தாய்.

"ஒரு குறைச்சலும் இல்ல மதினி. நேத்துப் பயிற்சியில பாத்தேன், நல்லா ஆடுதாக. அவுகளுக்கு வேற ரெண்டு பேரு வேணும். இந்த ரெண்டு பேரு இல்ல."

"அந்த வேற ரெண்டு பேரு யாரு?"

"இன்னும் என் கண்ணுல படலை."

சொர்ணத்தாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க கூட்டைத்தான் போடணும். ஊர்ச் சோத்தைத் தின்னுட்டு ஊருக்கு எதிரா ஒரு பேரை அமுக்கினேன்னு தெரிஞ்சுது, மைதானத்துல உன் பக்கத்துலேயே வந்து உக்காந்து, ஆட்டம் முடியிற வரைக்கும் திட்டுவேன், சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு, கணவருக்குக் காத்திராமல் படியிறங்கிப் போனாள்.

ஆவுடை போனை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேறொரு சங்கடம் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. முந்தின நாள் பஸ் நிலையத்தருகே ஒடிசாக்காரர்கள் மூன்று பேர் தர்ப்பூசணி தின்பதைப் பார்த்திருந்தாள். பிர்சா, லூகாஸ், சுக்ரா. ஒருத்தன் வெட்டினான், ஒருத்தன் விதையை நோண்டினான், ஒருத்தன் உப்புத் தூவினான். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, துண்டு கை மாறுகிற இடத்தில் ஒரு நொடி தாமதமில்லை. இருபது வருசமாக மேசைகளைப் பார்த்த கண், அப்படி ஒரு மேசையைப் பார்த்ததில்லை. ஊருக்காக அந்தக் கண்ணை மூடிக்கொள்ளலாம்தான். மூடிப் பார்த்தாள். மூடினாலும் தர்ப்பூசணி கை மாறிக்கொண்டேயிருந்தது. நாலு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கையில் அந்த மூன்று பெயரையும் அமுக்கினாள்.

நாலு மணிக்கு ஞானதிரவியம் கரும்பலகையில் எல்லாருடைய கூட்டையும் எழுதினான். நாலு பத்துக்கு ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆவுடை மைதானத்துக்குள் நுழைந்தபோது, நேற்றுவரை மேலிருந்து வணக்கம் போட்டவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். தண்ணீர் லாரியிலிருந்து பொன்னுப்பாண்டி மட்டும் கையசைத்தான். கேலரியில் அவள் உட்கார்ந்ததும் வலதுபக்கம் இருந்தவர்கள் எழுந்து போனார்கள், அந்த இடத்தில் சொல்லி வைத்தபடியே சொர்ணத்தாய் வந்து உட்கார்ந்தாள். இடதுபக்கம், பாயிண்ட் பதிவதற்காகப் போனும் கையுமாக ஞானதிரவியம் உட்கார்ந்தான். அவனுக்கும் வேறு இடம் கிடைக்கவில்லை.

விசில் ஊதி எட்டாவது நிமிடத்தில் ஒடிசாக்காரர்கள் மூவரும் எழும்பினார்கள். இடைவேளைக்குள் மூன்று கோல். துரைச்சிபுரத்துப் பின்வரிசை அவர்கள் கணுக்காலுக்கு நடுவே பந்தைத் தேடி ஓடியது. இசக்கியும் ரஹ்மத்தும் கிருபாகரனும் தரையில் காலூன்றி, மூன்று தனித்தனி ஆட்டம் ஆடினார்கள். சொர்ணத்தாய் சொன்ன சொல் தவறாமல் திட்டினாள், மூச்சு வாங்குவதற்கு நிறுத்தியபோது ஆவுடை அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள், வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் திட்டினாள்.

மூன்றாவது கால்பகுதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில், யாரும் கூப்பிடாமலே கிருபாகரன் ஆட்டத்தைவிட்டு வெளியே நடந்து வந்து, தண்ணீர் பாட்டிலோடு நின்ற செல்வினின் தோளைத் தட்டினான்.

"நீ போ. அவங்க ரெண்டு பேரும் பந்தைத் தள்ளும்போது உன்னையத்தான் தேடுறாங்க. நான் நிக்கிற இடத்துல நான் இல்லாத மாதிரியே இருக்கு."

"உங்க மாமா கோவிச்சுக்குவாரே அண்ணே."

"அது எங்க வீட்டுப் பாடு. நீ ஓடு."

செல்வின் ஓடினான். இசக்கியின் பக்கம் ஒருதரம் பார்த்தான், ரஹ்மத்தின் பக்கம் ஒருதரம் பார்த்தான், மூன்று பேரும் எழும்பினார்கள். அன்றைக்கு அந்த மூன்று பெயரையும் யாருமே சேர்த்துப் பதிந்திருக்கவில்லை. ஞானதிரவியம் போனைப் பார்த்தான், பலகையை நினைத்துப் பார்த்தான், ஆவுடையைப் பார்த்தான்.

"யக்கா, நீங்க போடலையே!"

"நான் போடலை தம்பி" என்றாள் ஆவுடை. அவள் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூட்டை இறங்கியதுபோல இருந்தது. "நான் எப்பவுமே பாக்க மட்டுந்தான் செஞ்சிருக்கேன் போலிருக்கு."

அதற்குப் பிறகு நடந்ததைத் துரைச்சிபுரத்துக்காரர்கள் எழுந்து நின்று நடித்துக் காட்டாமல் சொல்ல மாட்டார்கள். ஆறு பேர் அந்தரத்தில், பதினாறு பேர் தரையில், பந்து மட்டும் ஈர நீலத்தில் விர்ரென்று உருள, மூன்றுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, நாலுக்கு மூன்று, நாலுக்கு நாலு என்று ஏறி, நடுவர்கள் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்று, கடைசி நிமிடத்தில் சுக்ரா தன் பாதி மைதானத்திலிருந்து பந்தை எடுத்து, இரண்டு பேருக்கு நடுவே லூகாஸுக்கு விட்டு, லூகாஸ் திரும்பாமலே குதிகாலுக்குப் பின்னால் பிர்சாவுக்கு விட்டு, பிர்சா அடிப்பதாக ஓங்கி அடிக்காமல் சுக்ராவுக்கே விட, எப்போது அங்கே வந்து சேர்ந்தான் என்று யாருக்கும் தெரியாத சுக்ரா, குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோலப் பந்தைத் தொட்டு, கோல்கீப்பரின் இரண்டு கால்களுக்கு நடுவே அனுப்பினான்.

ஐந்துக்கு நாலு. துரைச்சிபுரம் தோற்றது. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற பொன்னுப்பாண்டிதான் முதலில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "ஆகா" என்று கத்தினான். பிறகு ஊர் முழுக்க எழுந்து கத்தியது, தோற்றவர்கள் தோற்கடித்தவர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள், இசக்கி ஓடிப்போய் சுக்ராவைக் கட்டிப்பிடித்தான்.

ஆவுடையும் கத்தினாள். இடதுபக்கம் ஞானதிரவியம் போனைத் தவறவிட்டுவிட்டுக் கத்தினான். வலதுபக்கம் சொர்ணத்தாய், "பாத்தியா, பாத்தியா, எப்படிக் குடுத்தான் பாத்தியா, பாவிப் பய!" என்று ஆவுடையின் தோளைப் பிடித்து உலுக்கி உலுக்கிக் கத்தினாள். முன்வரிசையில் இருந்தவர்களின் தலை திடீரென்று தாழ்வாகத் தெரிந்தபோதுதான் ஆவுடை குனிந்து பார்த்தாள். சிமெண்டுப் படிக்கும் அவள் பாதத்துக்கும் நடுவே காற்று போய்க்கொண்டிருந்தது, உள்ளங்கால் குளிர்ந்தது. பக்கத்தில் சொர்ணத்தாயின் மெட்டி விரல்கள். அந்தப்பக்கம் ஞானதிரவியத்தின் ரப்பர் செருப்பு. ஆறு காலும் அந்தரத்தில்.

இந்த இரண்டு பெயரையும் தன் பெயரோடு சேர்த்துப் போட அவளுக்கு நூறு வருசமானாலும் தோன்றியிருக்காது.

சொர்ணத்தாயும் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு ஆவுடையின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏட்டி, இதுல இறங்குறது எப்படி?"

"யாராச்சும் ஒருத்தர் விலகிப் போயிட்டா போதும் மதினி. தானா இறங்கிரலாம்."

சொர்ணத்தாய் ஞானதிரவியத்தைப் பார்த்தாள், ஞானதிரவியம் ஆவுடையைப் பார்த்தான். கீழே பரிசு கொடுக்கத் தலைவரின் மனைவியை ஒலிபெருக்கியில் ஒருதரம் கூப்பிட்டார்கள், பிறகு இன்னொரு தரம் கூப்பிட்டார்கள்.

மூன்று பேரும் நகரவில்லை.